முப்பதாவது தொப்பி

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். இதைக் கொண்டுவருபவர் உங்கள் ஊர்ப் பல் மருத்துவர், இந்த வாரக் குழுவில் வந்தவர். தபாலில் போட்டால் இரண்டு நாட்டு அலுவலகங்களும் படித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும்.

ஆறு வருடமாகப் பாலத்து நடுவில், வெள்ளை எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் வழிகாட்டிகளாக நின்று, சுற்றுலா வந்தவர்களைக் கொடுத்து வாங்குகிறோம். பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர்கள்கூட இத்தனை பத்திரம் சொல்ல மாட்டார்கள் என்று நீங்கள் சிரித்த நாளிலிருந்து நாம் சம்பந்திகள். பத்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. ஆகவே அன்று நடந்ததில் உங்களுக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன்.

உங்கள் குழுவில் தையல் டீச்சரம்மா ஒருவர் இருந்தாரே, முழங்கால் வலிக்காரர். போர் நினைவுச் சுவர் முன்னால் நான் பேசி முடித்ததும், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவரின் முன்னால் நின்று பேசுகிறேன்; பின்னால் போனதே இல்லை. அந்த இடத்துக்கு இருபத்தைந்து நிமிடம்தான் ஒதுக்கீடு. படம் எடுக்கவே பாதி போய்விடும்.

அவர் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே நாற்பத்தொரு கல்லறைக் கற்கள். போரில் இங்கே இறந்த உங்கள் பக்கத்து வீரர்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். காவலாளி ஒரு பழைய நோட்டு வைத்திருக்கிறார், எந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவருக்கு என்ன அடையாளம் என்று. யாரும் கேட்டதில்லையாம். டீச்சரம்மா கேட்டிருக்கிறார். பதினேழாம் எண்ணுக்கு நேரே "இடது காலில் ஆறு விரல்" என்று இருந்தது. அவருடைய அண்ணனுக்கும் இடது காலில் ஆறு விரல்.

வெயிலில் நின்று வாசித்துக் காட்டிய காவலாளிக்கு, குழுவில் எல்லோருக்கும் கொடுக்கிற மஞ்சள் தொப்பியில் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் போங்கள், மெதுவாக வருகிறேன் என்று டீச்சரம்மா சொன்னதும், காவலாளி அந்தத் தொப்பியோடு அவர் பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே பாலத்துக்கு வந்துவிட்டார். நான் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை எண்ணினேன். முப்பது. சீட்டில் எழுதி நீட்டினேன். காவலாளி பையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி என்னைக் கடந்து போனபோதுதான் எனக்கு உறைத்தது. நீங்களோ இருபத்தொன்பது பேரையும் எண்ணி முடித்திருந்தீர்கள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முப்பது என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

டீச்சரம்மா வந்து சேர்வதற்குள் பாலத்தை மூடிவிட்டார்கள். அன்றிரவு என் வீட்டில் தங்கினார். இத்தனை வருடம் எண்ணுகிறவளுக்குத் தொப்பிக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று என் வீட்டுக்காரர் அவர் முன்னாலேயே என் மானத்தை வாங்கினார். உங்கள் நாட்டுக்காரர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை அவர். அன்றைக்குத் தன் தைலப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள், எங்கே முடித்தார்கள் என்று தெரியாது. காலையில் அவரே பாலம் வரை கொண்டுவிட்டு வந்தார்.

தனியாகப் போனதால் அன்று காலை அவருக்கு அடித்த முத்திரையின் தேதிதான் காட்டிக்கொடுத்துவிட்டது. முந்தைய நாள் மாலை முப்பது பேரும் போனதாகச் சீட்டு, மறுநாள் காலை ஒருவர் போனதாக முத்திரை. உங்களையும் விசாரிப்பார்கள். கையெழுத்து உங்களுடையது, உரிமம் போனாலும் போகும்.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. இருபத்தொன்பது என்று எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. டீச்சரம்மாவைத்தான் தேடிப் பிடித்து விசாரணை அறையில் உட்கார வைத்திருப்பார்கள். அதற்காகவா? இல்லை, அவர் அண்ணனைத் தேடி வந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா? இல்லை, என் முகத்தில் எதையாவது பார்த்தீர்களா? அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்: எண்ணியது நான், தவறியது நான், என் எண்ணிக்கையை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள் என்று. நேற்று என் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். மாற்றிச் சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். நீங்கள் கோட்டருகே நின்றாக வேண்டும். காரணம் இருக்கிறது.

டீச்சரம்மாவைக் கொண்டுவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தலை நிமிராமல், "அந்தப் பக்கமும் ஒரு சுவர் இருக்குமில்ல? பின்னாடி என்ன இருக்குன்னு உன் சம்பந்தியைக் கேளேன்" என்றார். அவருடைய கடைசிச் சித்தப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் எனக்கே இப்போதுதான் சொல்கிறார். நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் நுழைவாராம். முன்பற்களுக்கு நடுவே பென்சில் நுழைகிற சந்து. அந்தச் சந்து வழியாக விசிலடித்துத்தான் இவரை விளையாட்டுக்குக் கூப்பிடுவாராம்.

செவ்வாய்க்கிழமை கோட்டுக்கு இந்தப் பக்கம் வேறொரு பெண் நிற்பாள். கெட்டிக்காரி, முகம் பார்த்து எண்ணுவாள். அவள் கொடுக்கிறவர்களைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கும் பத்திரம் சொல்லுங்கள். அவளைச் சம்பந்தி என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து
உங்கள் சம்பந்தி