பாம்பூஃப்ளாட்டில் ஒரு ரயில்

பாம்பூஃப்ளாட்,
அந்தமான்,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ள அலமுவுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால், ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, மூக்குக் கண்ணாடியையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய் என்று அர்த்தம். அதற்கு முன்னால் இதைக் கொடுக்கவே கூடாது என்று நம் பிள்ளை பாலகுமாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே நலமா என்று கேட்கப் போவதில்லை. நலம் என்று நானே முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கு நானும் நலம். ஆனால் நேற்று மதியத்திலிருந்துதான் நலம். அதற்கு முந்தைய ஒரு நாள் நான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பாய். பாலு போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன்னிடம் கொடுக்கிறான். என் குட்டு உடைபடுவதை வார்டு முழுக்கக் கேட்க வேண்டுமா? தவிர, உன்னைப் பதற வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதயத்தில் வால்வு மாற்றப் போகிறவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அதனால் வாயை மூடிக்கொண்டு, எல்லாம் நல்லபடி இருக்கிறது, கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன என்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். கோழிகள் விஷயம் மட்டும் உண்மை. சமையல்கட்டுக் கூரை மறுபடி ஒழுகுகிறது. மீன்காரி சொர்ணம்மா தினமும் உன்னை விசாரிக்கிறாள். நீ இல்லாததால் எனக்குச் சின்ன மீனாகப் பார்த்துத் தள்ளிவிடுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடித்த கையோடு பாலு விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஈமெயிலில் அனுப்பியிருந்தான். போனில் எழுத்து பொடிப் பொடியாகத் தெரிந்தது, பெரிய திரையில் படிக்கலாம் என்று நினைத்தேன். எங்கேயோ எதையோ அழுத்திவிட்டேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. புயல் எச்சரிக்கைச் சங்கு மாதிரி ஒரு ஊளை. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்கிறது, உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த நம்பரைக் கூப்பிடுங்கள் என்று.

முப்பத்தோரு வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். போர்டில் எழுதி வைத்ததைப் படிக்காமல் வந்து நின்ற எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்! எழுதி வைத்திருந்தால் அது எனக்கு உத்தரவு. அணைக்காதே என்று எழுதியிருந்தது, நான் அணைக்கவில்லை. கூப்பிடு என்று எழுதியிருந்தது, கூப்பிட்டேன். ரிடையர் ஆனாலும் சர்க்கார் புத்தி போகவில்லை பார்.

முதலில் எடுத்தவன் இந்தியில் பேசினான். என் இந்தியைக் கேட்டதும், ஏக் மினிட் சாப் என்று சொல்லி லைனை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டான். அந்த ஆள் எடுத்த எடுப்பில், "வணக்கம் ஐயா, சாப்டீங்களா?" என்றான்.

அலமு, நீ மெயின்லாண்டுக்கு, சென்னைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. காலையில் பால்காரரிடம் இந்தி, கடையில் இந்தி, படகுத்துறையில் இந்தி. சாயங்காலம் உன்னிடம் போனில் பேசும் பத்து நிமிஷம்தான் எனக்குத் தமிழ். சாப்டீங்களா என்று ஒருவன் கேட்டதும் அப்படியே உருகிவிட்டேன். நம்ம ஆள் கிடைத்துவிட்டான், இனிக் கவலை இல்லை என்றுதான் தோன்றியது. அவன் கம்ப்யூட்டர் கம்பெனியின் போர்ட் பிளேர் ஆபீசில் இருந்து பேசுவதாகச் சொன்னான். பக்கத்தில்தானே இருக்கிறான் என்று இன்னும் தைரியம் வந்தது.

அவன் சொன்னபடி எதையோ இறக்கினேன். உடனே திரையில் இருந்த அம்பு தானாக நகர ஆரம்பித்தது. நான் கையை எடுத்துவிட்டேன், அது பாட்டுக்கு ஓடுகிறது. ஒரு பட்டியலைத் திறந்து காட்டி, இதெல்லாம் வைரஸ், உங்கள் பேங்க் கணக்குக்குள்ளும் புகுந்துவிட்டது, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றியே ஆக வேண்டும் என்றான். அந்தக் கணக்கில் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும். உன் ஆபரேஷனுக்கென்று வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், புதன்கிழமைக்குள் கட்டவில்லை என்றால் தேதி தள்ளிப்போகும். இத்தனையையும் நானே அவனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரிக்கு வால்வு மாற்றுகிறார்கள் தம்பி, அந்தப் பணத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று கெஞ்சினேன். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது ஐயா, நானும் வேண்டிக்கிறேன்" என்றான். மற்றதை எல்லாம் மறந்தாலும் அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே உன் மருந்துப் பணத்தில் கை வைத்தான் அந்தப் பாவி.

பேங்க் பாஸ்வேர்டை அவன் காட்டிய கட்டத்தில் அடித்தேன். போனுக்கு ஆறு எண்கள் வந்தன. படியுங்கள் ஐயா என்றான். படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்கள் சொல்லிவிட்டேன். அப்போது எதிர்க்கரை சாத்தம் போகிற ஃபெரிப் படகு கிளம்புவதற்காக நீளமாக ஹாரன் அடித்தது. நம் வீட்டில் அதற்கு யார் காது கொடுக்கிறார்கள்? ஆனால் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "என்ன ஐயா சத்தம், வீட்டுப் பக்கம் ட்ரெயின் போகுதா? போகட்டும் போகட்டும், மீதி ரெண்டு நம்பரை நிதானமாச் சொல்லுங்க" என்றான்.

ட்ரெயின்! இந்த அந்தமானிலா?

கவுண்டரில் எனக்குப் பழக்கமான கேள்விதானே இது. மெயின்லாண்டில் இருந்து முதன்முதலாக வருகிற டூரிஸ்டுகள், வடக்குக் கோடி டிக்லிபூருக்கு ட்ரெயின் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். தண்டவாளம் வந்துகொண்டிருக்கிறது, கப்பலில் ஏற்றியாகிவிட்டது என்பேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிச் சிரிப்பேன். இந்தத் தீவில் ஒரு வாரம் இருந்தவன்கூட அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். போர்ட் பிளேர் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிறான்!

இவன் இந்தத் தீவிலேயே இல்லை. பழைய பழக்கம் வாயில் வந்தது. "கவுண்டர் பந்த் ஹோ கயா", மூடியாகிவிட்டது என்று சொல்லி போனை வைத்தேன். அம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை பெட்டியின் பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கினேன். பிறகு எதிர்வீட்டு சுதாவிடம் ஓடினேன், செருப்புகூடப் போடாமல். ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று அவளைப் பற்றி நீ பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நான் கண்டுகொண்டதில்லை. அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

சுதா முதலில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் திட்டினாள். "கம்ப்யூட்டருக்கு நோய் வந்தா அது டாக்டர் நம்பர் குடுக்காது அங்கிள். நம்பர் குடுத்தாலே அது திருடன்தான்" என்றாள். அந்தச் சிவப்புத் திரை சும்மா ஒரு படமாம். பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் ஊளை, பெண் குரல் எல்லாம் அடங்கிப் போயிருக்குமாம். எந்தக் கம்பெனியும் தானாக வந்து உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லாதாம். அந்த ஆறு எண்களைக் கடவுளே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது என்றாள்.

பாஸ்புக்கின் பின்னால் அச்சடித்திருக்கும் நம்பரைப் பார்த்து பேங்குக்கு அவளே போன் போட்டுக் கொடுத்தாள். கணக்கை நிறுத்தி வைத்தார்கள். அடுத்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் பேசிப் புகார் பதிந்தோம். பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அவள் போனில் இருந்து மாற்றினோம். லேப்டாப்பை மட்டும் நம்ப முடியாது என்று சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்றிவிட்டாள். பேரனின் படங்கள் எல்லாம் பாலுவிடம் இருக்கின்றன, பயப்படாதே.

அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கணக்கை நிறுத்தியாகிவிட்டது, சரி. ஆனால் நான்கு எண்களை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான், ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை. அப்படியே இருந்தாலும் நிறுத்தி வைத்த கணக்கில் இருந்து நாளைக்குள் ஆஸ்பத்திரிக்கு எப்படி அனுப்புவது? உன் தேதி தள்ளிப்போனால் அதற்கு நான்தான் காரணம். இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வேன் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை முதல் ஃபெரியில் சாத்தம் போய், பேங்க் கதவு திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றேன். உள்ளே நாகராஜ் என்று ஓர் அதிகாரி, சௌல்தாரி ஊர்க்காரர், தமிழர்தான். நான் தமிழ்க்குரலைக் கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தேன், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரையைப் பார்த்துவிட்டு, "பணம் அப்பிடியே இருக்கு சார்" என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். யாரோ ஒரு புதுப் பெயரைப் பணம் அனுப்பும் பட்டியலில் சேர்க்கப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு எண்கள் இல்லாததால் அது உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது என்று விளக்கினார். அந்தப் பெயரை என் கண் முன்னால் அழித்தார். கையெழுத்து, ஆதார் எல்லாம் சரிபார்த்து, அங்கிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். மதியம் பாலு போன் செய்து ரசீது வந்துவிட்டது என்றான். நான் படகுத்துறையில் நின்றுகொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏதோ மெயின்லாண்டுக்கு யாரையோ கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பாலுவிடம் நேற்று சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஆபீசில் ஒரு எஞ்சினியரே இப்படி மாட்டினாராம். போனை வைத்தீர்களே அப்பா, அதுவே பெரிது என்றான். நேற்று சாயங்காலம் இன்னொரு குரல் கூப்பிட்டது. உங்கள் கணக்கில் மோசடி நடந்ததாமே, நாங்கள் சரிசெய்து தருகிறோம், சின்னதாக ஒரு கட்டணம் என்றது. வந்த கூட்டமே திரும்ப வரும் என்று சுதா முன்பே சொல்லியிருந்தாள். கவுண்டர் பந்த் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். உன்னோடு நான் வராததற்குக் கூரையும் கோழிகளும் காரணம் இல்லை. கப்பலில் மூன்று நாலு நாள் உன் உடம்பு தாங்காது என்று டாக்டர் பிளேனில் வரச் சொன்னார். எனக்குப் பிளேன் என்றால் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கோழிகள் மேல் பழியைப் போட்டேன். உனக்கு அது தெரியும் என்றும் எனக்குத் தெரியும். நாளைக் காலை உன்னை உள்ளே அழைத்துப் போகும்போது கதவுக்கு வெளியே நான் இருக்க வேண்டியவன்.

சனிக்கிழமை காலை.

பாலு நேற்றே போன் செய்துவிட்டான். நல்லபடி முடிந்ததாம். இன்று காலை நீ கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வியையும் சொன்னான். "உங்கப்பா மூணு நாளா என்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசுறாரே, என்ன பண்ணி வச்சிருக்கார்?" என்று கேட்டாயாம். உன்னிடம் எதையாவது மறைக்க முடியுமா? சுதாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் இன்று மதியம் சென்னைக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை நானும் வருகிறேன், பிளேனில். டிக்கெட் எடுக்கிற இடத்தில் எந்த சீட் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். பழக்க தோஷம், கப்பல் டிக்கெட் மாதிரி கேபினா பங்க்கா என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்றவர் என்னை டூரிஸ்ட் என்று நினைத்திருப்பார். நேரில் வந்த பிறகே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் இதைப் படிக்கும்போது உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. படித்து, திட்ட வேண்டியதை எல்லாம் செவ்வாய்க்கிழமைக்குள் பாலுவைத் திட்டித் தீர்த்துவிடு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் யார் போன் செய்து நம் வீட்டு ஆள் என்று சொன்னாலும், என் குரலிலேயே பேசினாலும் நம்பாதே. பாம்பூஃப்ளாட்டுக்கு ட்ரெயின் எப்போது வரும் என்று கேள். ஏதாவது மணி சொன்னால் திருடன், வைத்துவிடு. 'நீ வீடு திரும்புகிற அன்றைக்கு' என்று சொன்னால் அது நான்தான்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும், அதில் ஒரு நாளும் நான் இல்லாமல் இருக்கக் கூடாது.

உன்னுடைய,
சிவஞானம்