அலுமினியத் தாளில் குங்குமம்

பாய், இன்று காலை மருமகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அசிட்டோன் வாசனை வந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் என்ன படித்தேன் என்று நினைவில்லை. "மாமா, வாசனை ஒத்துக்கலையா? ஜன்னலைத் தொறந்து விடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த வாசனைக்குள் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பட்டறை இருக்கிறது, அதில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காவேரிப்பட்டினத்தில் உங்களைத் தூக்கிச் சென்றபோது நானும் தோள் கொடுத்தேன். உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுவது கோழைத்தனம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது நம் பட்டறை. பால் பண்ணைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி செய்வதுதான் பிழைப்பு. நீங்கள் வெல்டர். நான் இன்ஸ்பெக்டர், நீங்கள் செய்ததை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன். உங்கள் அண்ணன் தம்பி எல்லோரும் மாங்காய் மண்டியில் இருக்க, நீங்கள் மட்டும் நெருப்பைத் தேடி ஓசூருக்கு வந்துவிட்டீர்கள். "மாங்கா ரெண்டு மூணு மாசந்தான் மாது. இரும்பு வருஷம் பூரா காய்க்கும்" என்று என்னிடம் சொல்வீர்கள். நான் கெலவரப்பள்ளிப் பக்கம். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் முதல் டிப்ளமோக்காரன். அந்தப் பெருமை தலைக்கேறி, அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிவேன். "டாக்டர் வர்றாரு, நாடி பாக்க" என்று நீங்கள் சொன்னால் பட்டறையே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். ஆனால் தகடு கிழித்து என் மோதிர விரலில் ரத்தம் கொட்டியபோது, வெல்டிங் டார்ச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டுப் போட்டவர் நீங்கள்தான். அந்தத் தழும்பு விரலின் குறுக்கே ஒரு கோடாக நின்றுவிட்டது.

அப்படிப்பட்ட பட்டறைக்குத்தான் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த அம்மா வந்தார். தெலுங்கு பேசுகிற விஞ்ஞானி. பெரிய கம்பெனிகள் ஒற்றைக் குழாய்க்கு மெனக்கெட முடியாது என்று கைவிரித்துவிட்டன. யாரோ உங்கள் வெல்டிங்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் பென்சிலால் ஒரு வளையம் வரைந்தார். அது வளையமான ஒரு குழாய். உள்ளே காற்றே இருக்கக் கூடாது. அதில் எலக்ட்ரான்கள் கூட்டம் கூட்டமாக, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், மணிக்கணக்காகச் சுற்றும். காந்தம் அவற்றை வளைக்கிற இடத்தில் வெளிச்சம் பிரியும். அதுதான் சின்க்ரோட்ரான் கதிர். வளையத்தில் நேராக ஓடுகிற ஓர் இடத்தில், குழாய்க்கு மேலும் கீழும் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று காந்தங்களை மாற்றி மாற்றி அடுக்கினால் எலக்ட்ரான்கள் நெளிந்து நெளிந்து ஓடும். அந்த நெளிவில் வருகிற வெளிச்சத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போக வர விட்டால், ஒவ்வொரு தடவையும் அடுத்து வரும் எலக்ட்ரான் கூட்டத்தைச் சந்தித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏறி லேசர் ஆகும். நாம் செய்ய வேண்டியது அந்த நெளிகிற இடத்துக்கான குழாய். ஒன்றரை ஆள் நீளம், சப்பையான வாய், முழு நீளத்துக்கும் ஒரு வெல்டிங்.

அவர் சொன்னதில் எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த மாதிரி தலையாட்டினேன். நீங்கள் ஆட்டவில்லை. தெலுங்கில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டீர்கள். வெளிச்சம் ஏற்கெனவே வருகிறதே, பிறகு லேசர் எதற்கு? அவர் சொன்ன பதிலை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள். "ஒரே எலக்ட்ரான் கூட்டந்தான் ரெண்டு வெளிச்சத்தையும் குடுக்குது. லேசர் போயி பொருளைத் தட்டி எழுப்பும். பின்னாடியே இன்னொரு வெளிச்சம் போயி, எழுந்தவன் மூஞ்சி எப்படி இருக்குதுன்னு பாக்கும். ரெண்டும் ஒரே ஊட்டுல பொறந்ததால நேரம் தப்பாது." அதற்குப் பிறகு நான் எத்தனையோ விளக்கம் படித்துவிட்டேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார். ஒரு சுற்றில் லேசருக்கு ஏறுகிற பலம் மிகக் கொஞ்சம். கண்ணாடி அதைவிட அதிகமாகத் தின்றுவிட்டால் லேசரே கிடையாது. குழாய்க்குள் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் அது ஆவியாகிக் கண்ணாடியில் படியும். அங்கே விழுகிற வெளிச்சமே அதைச் சுட்டுக் கரியாக்கிவிடும். அதனால் வெறும் கை படக் கூடாது. இதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அட்டையில் எழுதி ஒட்டியவன் நான். கையுறை போடாமல் பக்கத்தில் வந்தால் முதலாளியையே தடுத்தேன். வாரக்கணக்கில் அசிட்டோனால் கழுவினோம். "இந்த நாத்தத்துல பிரியாணி குடுத்தாக்கூட உள்ள எறங்காது" என்றீர்கள்.

நீங்கள் அந்த வெல்டிங்கை வைத்த நாளை என் கண் மறக்கவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னீர்கள். மூச்சை அடக்கி ஒரு விரல் நீளம் போவீர்கள், நிறுத்துவீர்கள், மறுபடி மூச்சை அடக்குவீர்கள். முடித்த பிறகு குழாயை, உள்காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப்பில் மாட்டி நாமே சோதித்தோம். மீட்டர் முள் அந்த அம்மா கேட்ட அளவுக்கும் கீழே இறங்கியது. குழாயின் இரண்டு வாயையும் புது அலுமினியத் தாளால் மூடி, மேலே பிளாஸ்டிக் சுற்றி வைத்தோம். விடுமுறை முடிந்து அவர் வந்து, அவர் எதிரில் ஒரு முறை சோதித்துவிட்டு எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அந்த விடுமுறைதான் ஆயுத பூஜை. லேத், டிரில்லிங் மெஷின், எடைக்கல், மேனேஜரின் ஸ்கூட்டர் என எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நீங்களே டார்ச்சை நீட்டி, "இதை விட்டுட்டா கோச்சுக்கும், வெய்யி" என்றீர்கள். பொரியும் சுண்டலும் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, தட்டோடு நான் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். பட்டறையில் அத்தனை சாமானுக்கும் பொட்டு வைத்தாயிற்று, நாம் செய்ததிலேயே உசந்த சாமான் மட்டும் வெறும் நெற்றியோடு இருக்கிறதே என்று தோன்றியது. மூன்று மொழியில் அட்டை எழுதிய அதே நான், பிளாஸ்டிக்கை விலக்கி, தாளை ஓரத்தில் உரித்து, குழாய் வாயின் விளிம்பில் மோதிர விரலால் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தேன். கும்பிட்டேன். பிறகுதான் செய்தது உறைத்தது. கைக்குக் கிடைத்த பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத் தாளை மூடினேன். லேத் எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட், பாய். உள்பக்கம் வரை துடைத்தேன்.

அந்த அம்மா வந்தார். நீங்கள் தாளைப் பிரித்துக் குழாயைப் பம்ப்பில் மாட்டினீர்கள். முள் பாதி வழி இறங்கி நின்றுவிட்டது. ராத்திரி முழுக்கப் பம்ப்பை ஓடவிட்டும் காலையில் அதே இடம். குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஹீலியம் பீய்ச்சியதும் கருவி காட்டிக்கொடுக்கும். உங்கள் வெல்டிங் நெடுகப் பீய்ச்சினார்கள், கருவி அசையவில்லை. வெல்டுக்கு உள்ளேயே ஒரு பொந்தில் காற்று சிக்கி, கசிந்துகொண்டே இருக்கலாம், அதை ஹீலியம் காட்டாது என்றார் மேனேஜர். அதோடு பட்டறையில் முடிவு எடுத்தாயிற்று. வெல்டிங்கை வெட்டித் திறப்பது, பெங்களூரிலிருந்து வேறு வெல்டரைக் கூப்பிடுவது, உங்களைப் பழையபடி கேட், கிரில் வேலைக்கு அனுப்புவது. "என் வெல்டிங் ஒழுகாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். மேனேஜர் பெங்களூருக்குப் போன் போடப் போனார்.

முள் நின்ற முதல் மணி நேரத்திலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது, நான் தேய்த்த எண்ணெய் உள்ளே ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெட்டுகிற ஆள் ராயக்கோட்டையிலிருந்து வர வேண்டும். சானமா காட்டில் ரோட்டை மறித்து யானை நிற்கிறது, பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்று திரும்பி வந்த லாரிக்காரர் சொன்னார். அந்த நேரத்தில் நீங்கள் சும்மா இருக்கவில்லை. உங்கள் வெல்டிங்மேல் நீங்களே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். "எங்கயாச்சும் வெச்சு இழுத்துட்டான்னா கொழாயே போயிடும். வெட்டற எடத்தை நானே காட்டிடறன்" என்றீர்கள், என்னை நிமிர்ந்து பார்க்காமல். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாங்க பாய், டீ குடிக்கலாம் என்றேன்.

டீக்கடை பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அலுமினியத் தாளை எடுத்துப் பிரித்தீர்கள். ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் பதிவு. அதன் குறுக்கே ஒரு கோடு.

"தொறந்த அன்னைக்கே பாத்தன்" என்றீர்கள்.

"அப்பறம் ஏன் பாய் சொல்லல?"

"நான் எப்படி மாது சொல்றது? பூஜை வெச்சதாலதான் கெட்டுப்போச்சுன்னு பாய் சொல்றான்னு ஆயிடும். மதச் சண்டையில ஊரு இருக்கற இருப்புல இந்த வருஷம் அந்தப் பேச்சு வேணாம். கொழாய் போனா வேற செஞ்சுக்கலாம்." டீக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தீர்கள். "மூணு நாளா உம் மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கறன். எப்ப வருவ, எப்ப வருவன்னு."

நான் அழுதேன். நீங்கள் தாளை மடித்து என் கையில் கொடுத்தீர்கள். "பொட்டு வெச்சது பெரிய தப்பில்ல. அதைப் பனியன் வேஸ்ட்டால தொடைச்ச பாரு, அதுக்குத்தான் உன்னை ஒதைக்கணும். போ, அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."

போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்தத் துணியால் துடைத்தாய் என்று மட்டும் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். யானை நகர்ந்து, வெட்டுகிற ஆள் வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடி அசிட்டோன், அதன் பிறகு குழாயைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டிச் சுட்டோம். முள் பழைய இடத்துக்கும் கீழே போய் நின்றது. மார்க்கர் கோட்டை நீங்களே அழித்தீர்கள். என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது, அது நியாயம். உங்களிடம் மேனேஜர் "சரி பாய், அடுத்த வேலையப் பாருங்க" என்றார். முதலாளி அதுகூடச் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அந்த அம்மா கடிதம் போட்டிருந்தார். குழாய் வளையத்தில் உட்கார்ந்துவிட்டது, வெல்டிங் கல் மாதிரி இருக்கிறது, நெளிகிற இடத்து வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்துவிட்டோம், லேசர் மட்டும் இன்னும் கூடவில்லை, கண்ணாடி தின்கிற அளவுக்குப் பலம் ஏற மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். நான் வாசிக்க வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "தட்டி எழுப்பறது வரல. பாக்கறது வந்துடுச்சில்ல, போதும்" என்றீர்கள்.

இனி சொல்லாத விஷயம். ஏன் மூன்று நாள் பேசாமல் இருந்தாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் பாய் என்று டீக்கடையில் நானாகச் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் பாதி. மீதியை இப்போது எழுதுகிறேன். அந்த வருஷம், அந்தப் பட்டறையில், தப்பு உங்களுடையது என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஹீலியம் கருவி அசையாதபோதும் அவர்கள் நம்பினார்கள். அந்தச் சௌகரியத்தில்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பேச்சு கிளம்பக் கூடாது என்று நீங்கள் பழியைச் சுமந்தீர்களோ, அதே பேச்சின் நிழலில் நான் ஒளிந்துகொண்டேன். உங்களுக்கு இது அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு கூடை மாம்பழத்தோடு முதல் ஆளாக வந்து நின்றீர்கள்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை, ஒருவருடைய வேலையில் குறை என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடிவிட்டு, இதில் என் கை எங்கே பட்டது என்று ஒரு முறை யோசிப்பேன். எத்தனையோ தடவை பட்டிருந்தது.

மருமகள் பாட்டிலை மூடிவிட்டு எழுந்து போனதும் வெர்னியர் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மடிப்பெல்லாம் கிழிந்திருக்கிறது. குங்குமம் பழுப்பாகிவிட்டது. ரேகை மட்டும் அழியவில்லை. என் மோதிர விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் பாய். குறுக்கே நீங்கள் கட்டுப் போட்ட கோடு, இரண்டிலும் அப்படியே இருக்கிறது.