நார் போட மறந்த கட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் இதற்குள் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று ஆய்வுக்கூடத்தில் சின்னதாக ஒன்று நடந்தது. சிமெண்டைக் குறைத்து, பதிலுக்குச் சிலிக்கா தூளும் சாம்பலும் சேர்த்து நான் வார்த்த கான்கிரீட் கட்டியை, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க இயந்திரத்தில் வைத்து நசுக்கினோம். இந்தக் கலவை நன்றாக இறுகும்; ஆனால் உடைந்தால் சிதறும். சிதறாமல் பிடித்துக்கொள்ளத்தான் இரும்பு நார் சேர்ப்பது. என் கட்டி டயர் வெடித்த மாதிரி வெடித்தது. இயந்திரத்தின் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை. ஒரு சில்லு பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியை உடைத்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி இல்லாமல்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

இயந்திரம் ஓட்டும் அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து, “ஏம்மா, இந்த நாரெல்லாம் போன மாசமே கலவைக்குள்ள போயிருக்கணுமே?” என்றார். நான் எடைபோட்டு வைத்த தட்டு. போடவே மறந்திருக்கிறேன். சமைத்தால் உப்பை மறக்கிறவள் என்று அம்மா சொல்வாளே, அதேதான்.

கண் டாக்டர் எழுதித் தந்த என் கண்ணாடிச் சீட்டு பீரோவில் இருக்கும். உங்கள் பதில் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. இங்கே யாருமே என்னைத் திட்டவில்லை அப்பா. “பரவால்ல” என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீங்களாவது திட்டி நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் மறதிக்காரி