ரதிக்குக் கொடுத்த மாத்திரை

மார்ச் 9

முதலுதவி வகுப்பு முடிந்து பேட்ஜ் கிடைத்தது. யாழ்ப்பாணத்து ஊர்மிளா டீச்சர் அதைக் குத்திவிடும்போதுகூட வெருட்டினார். "உதவி செய்யத் தெரியாட்டி சும்மா நில்லுங்கோ பிள்ளை. ஆருக்கும் கெடுதி மட்டும் செய்து போடாதேங்கோ." வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் கோழிக்கும் கட்டுப் போட்டுப் பார்த்தேன். கோழி ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 15

அம்மா எழுந்துவிடக் கூடாது. போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன்.

ஆண்டியப்பன் மாமாவை நான் கொன்றுவிட்டேனா?

பக்கத்து வீட்டு மாமா. சிவன் மன்மதனை எரிக்கிற இந்த வருஷக் காமன் கூத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான். இன்று பகலில் மன்மதனும் ரதியும் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஆடப் போனார்கள். புறப்படும் முன் சேலை கட்டி, மை தீட்டி, மீசை எடுத்த முகத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஜீவா, தலை இடிக்குது. அம்மாவோட டின்னுல பனடோல் இருக்கும், எடுத்துக் குடு."

அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தார். எங்கள் லயத்தில் மாத்திரையும் மிளகாய்த்தூள் மாதிரிதான். தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். மிச்சமெல்லாம் டின்னுக்குள் போகும். உறை கிழிந்து, எல்லாம் வெள்ளையாக, எல்லாம் வட்டமாகக் கிடக்கும். நான் பேட்ஜ் வேறு குத்தியிருந்தேன். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

முதல் லயத்தில் பாட்டுப் பாதியில் ரதியைக் காணவில்லை. கக்கூசுக்குப் போயிருந்தார். அடுத்த லயத்திலும் அப்படியே. அப்புறம் எல்லா இடத்திலும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளையல் குலுங்க ஓடினார். மன்மதன் தனியாக நின்று வானத்தைப் பார்த்தார். "புருசன் எரியப் போறான்னு தெரிஞ்சு எப்புடித் தவிக்கிறா பாரு" என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

எனக்கு மட்டும் மாத்திரை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி டின்னைக் கவிழ்த்தேன். பனடோலில் எழுத்துப் பதிந்திருக்கும். அது அத்தனையும் அப்படியே கிடந்தது. நான் கொடுத்தது அம்மா பிரஷருக்குப் போடுகிற மாத்திரை. சிறுநீர் போக வைக்கிற மாத்திரை.

உடம்பில் நீர் வற்றினால் தண்ணீர் கொடு என்று வகுப்பில் படித்தோம். செம்பு செம்பாகக் கொடுத்தேன். அதற்கும் சேர்த்து ஓடினார். கடைசி லயத்தில் தலை சுற்றி மன்மதன் மேலேயே சாய்ந்துவிட்டார். சனம் கை தட்டியது.

இப்போது அவர் வீட்டில் சத்தமே இல்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். மூச்சு விடுறாரா? ஒண்ணுமே கேக்கலையே —

குறட்டை. பெரிய குறட்டை.

மார்ச் 16

உயிரோடு இருக்கிறார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாராம்.

மார்ச் 17

இது அதைவிட மோசம். மாமா காலையில் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "ஜீவா குடுத்த மாத்திரையில ஒடம்புல இருந்த கெட்டதெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிருச்சு. இப்ப பஞ்சு மாதிரி இருக்கேன்." பின்னேரம் பழனியாண்டி கங்காணி வந்தார். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. சீனி வியாதிக்கும் கிட்னிக்கும் ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்.

"எனக்கும் அதுல நாலு குடும்மா."

தீர்ந்துவிட்டது என்றேன்.

"பரவாயில்ல. கிளினிக்ல ஒங்கம்மாகிட்ட குடுத்தனுப்புவாங்கள்ல, நாளன்னிக்கு வர்றேன்."

சொல்லாவிட்டால் கங்காணி அம்மாவிடமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். சொன்னால் அம்மா என்னைத் தொலைத்துவிடுவார். டீச்சர் பேட்ஜைக் கழற்றிவிடுவார். நான் என்ன செய்ய?

மார்ச் 18

முதலில் மாமாவிடம் சொன்னேன். அவர் மீசை எடுத்த இடத்தைத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னிக்கு அழுதாங்களே, அது நடிப்புக்கு இல்லையா?"

"மாமா, கங்காணி ஐயா கிட்ட நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"இந்த மாதிரி ரதியப் பார்த்ததே இல்லைங்கிறாங்க. அடுத்த வருசமும் நான்தான்னு முடிவு பண்ணியாச்சு. நீ வாயத் தொறந்த, ஒன்னோட பேச மாட்டேன்."

கங்காணியின் கால் அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரியாதது மாதிரி இருந்தார்.

மார்ச் 19

வாயைத் திறந்துவிட்டேன்.

கங்காணி வந்தபோது அம்மா இருந்தார், பாதி லயமும் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணிதான் முதலில் மாமாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி, நான் ரதிக்காக அழுதேன்டா." மாமா கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா சிரிக்கவில்லை. தேங்காய் துருவுகிற பலகையைத் தூக்கினார். பிறகு கீழே வைத்துவிட்டு, டின்னை அப்படியே டிஸ்பென்சரிக்கு எடுத்துப் போனார். அடி வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது.

மார்ச் 21

டிஸ்பென்சரியில் கால் வீக்கத்தைப் பார்த்துக் கங்காணியைத் தலவாக்கலைக்கு அனுப்ப, அங்கே ஆஸ்பத்திரி வார்டில் மறித்துவிட்டார்கள். தாமதித்திருந்தால் கஷ்டமாம். மாமா இன்னும் பேசவில்லை. என்னைக் கண்டால் கோழியோடு பேசுகிறார்.

மார்ச் 26

காலையில் மாமா வாசலில் வந்து நின்றார். நெற்றியைப் பிடித்திருந்தார். அவர் பார்வை டின் இருந்த இடத்துக்குப் போனது.

"டிஸ்பென்சரி தொறந்திருக்கு மாமா. நானும் வர்றேன்."

மழைத் தூறலில் இரண்டு பேரும் மேட்டில் ஏறினோம். வளைவில் நின்று மூச்சு வாங்கினார்.

"ஓடுனத விடு. மத்த எடத்துல நடிப்பு எப்புடி இருந்துச்சு?"

மற்ற இடத்தில் அவர் பாட்டையே மறந்துவிட்டு நின்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு மாமா" என்றேன். அந்தப் பொய்யால் யாருக்கும் தலை சுற்றாது.