தலைவர் கேட்ட ஒரு வாக்கியம்

பெல்லோஸ் கிராசிங், மிசிசிப்பி
ஞாயிறு, ஆராதனைக்குப் பின்

அன்புத் தம்பி லான்ஸோவுக்கு,

அக்கா வெர்டெல் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கருணை மனு விசாரணை அறையில், சிறையிலிருந்து உன்னைக் காட்டிய டிவியில் பார்த்தோம். மெலிந்துவிட்டாய். உனக்குக் கிடைத்த ஆயுள் தண்டனை நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறாயா என்று குழுத் தலைவர் கேட்டார். நீ வாயே திறக்கவில்லை. உடனே சிறையில் திரையை அணைத்துவிட்டார்கள். பிறகு விசாரணை அறையில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது.

வக்கீல் மிஸ் ஹாலோவே முன்பே எச்சரித்திருந்தாள். "கருணை கேளுங்க, நியாயம் கேக்காதீங்க. நிறத்தைப் பத்தி மூச்சு விடாதீங்க. அந்தப் பெரிய தொப்பியெல்லாம் வேணாம்" என்றாள். நம் சபைப் பெண்கள் கேட்பார்களா? ஈஸ்டர் ஆராதனைக்குப் போடும் பெரிய தொப்பியோடு படையாக வந்து இறங்கினார்கள். பெர்னிஸ் தலையில் இருந்தது தொப்பியா பூந்தொட்டியா என்று எனக்கே சந்தேகம்.

சத்தியமாக நான் கருணைதான் கேட்க நினைத்தேன். ஆனால் முன்வரிசையில் ராண்டல் உட்கார்ந்திருந்தான். உன்னோடு சேர்ந்து அந்த மரம் அறுக்கும் இயந்திரத்தைத் திருடிய அதே ராண்டல், உனக்காகச் சாட்சி சொல்ல வந்திருந்தான். பாவம், வழுக்கை விழுந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஐயா, ரெண்டு பேரும் ஒரே பூட்டைத்தான் ஒடச்சாங்க. ரெண்டு பேர் மேலயும் முன்னாடியே சில்லறைத் திருட்டு கேஸ் இருந்துச்சு. அந்தப் பழைய கேஸக் காட்டி ஆயுள் போட்டது என் தம்பிக்கு மட்டும்தான். வெள்ளைக்காரப் பையன் அந்தக் கிறிஸ்துமஸுக்கே வீட்டுக்கு வந்துட்டான். என் தம்பி கறுப்பன், தலை நரைச்சும் உள்ளயே கெடக்கான். இதப் போய் அவன் எந்த வாயால நியாயம்னு சொல்வான்?" என்று கேட்டுவிட்டேன். வக்கீல் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ராண்டல் எழுந்து, "அந்தம்மா சொல்றது நெசம்" என்றான்.

தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. முடிவைத் தள்ளிவைத்துவிட்டார். அடுத்த மாதம் உன்னிடம் அதே கேள்வியைக் கேட்பாராம். நியாயம்தான் என்று சொன்னால் விடுதலைக்குப் பரிந்துரை, இல்லாவிட்டால் சாகும்வரை அங்கேதான். "நீங்க சும்மா இருந்திருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்று வக்கீல் வழியெல்லாம் திட்டினாள். திட்டட்டும். சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப வாங்க மாட்டேன்.

நீ பிடிவாதக்காரன். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்றுதான் இருப்பாய். அம்மாவை அடக்கம் செய்த அன்று உன்னை விலங்கு மாட்டிக்கூட அனுப்பவில்லையே, அந்தக் கோபம் எனக்கும் ஆறவில்லை. இருந்தாலும் அக்கா சொல்வதைக் கேள். சொல்லித் தொலைத்துவிடு. கழுத்தில் கால் வைத்துக்கொண்டு கேட்பவனுக்குச் சொல்லும் பதில் உன் பதில் ஆகாது. உண்மையை அவர்கள் முகத்துக்கு நேரே நான் சொல்லியாகிவிட்டது. இனிமேலும் சொல்வேன். நீ வெளியே வந்தால் இருவருமாகச் சொல்வோம், கோர்ட் வாசலில் நின்று, ஊரே கேட்க.

அந்த ஒரு பொய்யைக் கர்த்தர் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வீட்டுக்கு வந்துவிடு, தம்பி.

உன்னை அங்கே சாகவிட மாட்டாத
அக்கா வெர்டெல்