கமலாவின் கள்ளிகளும் பசை போட்டு ஒட்டிய பூவும்

என் ஆசைத் தங்கச்சி கமலா,

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் சொந்தக்காரர்களுக்கு இன்னும் புத்தி வரவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பத்து காஜா ஊரில் உன் வீட்டு முன்வாசலில் நீ கள்ளி விதை போட்டாய். சாப்பாடு கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி, கடுகைவிடச் சின்ன விதைகளைத் தூவி மூடிவைத்தாய். ஒரு வருடம் கழித்தும் அவை பட்டாணி அளவைத் தாண்டவில்லை. உன் கொழுந்தன் முனியாண்டி குனிந்து பார்த்துச் சிரித்தானே, நினைவிருக்கிறதா?

"இது பூக்கறதுக்குள்ள நீங்க போய்ச் சேந்துருவீங்க லா, அண்ணி!"

"போனா போறேன். அது பாட்டுக்கு வளரும்," என்றாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நாம் பிறந்த தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர் கன்று நட்டு, பால் வர ஆறேழு வருடம் காத்திருந்தார்கள். அந்தத் துரைகளைப் பார்த்து எவனாவது சிரித்தானா? எல்லாரும் கைகட்டி நின்றார்கள். அறுபது வயதுப் பொம்பளை காத்திருந்தால் மட்டும் இவர்களுக்குக் கேலி.

அப்புறம் ஒருநாள் உன் இதயம் நின்றுபோனது. கருமாதியன்று உன் படத்துக்கு முன்னால் ஒரு பெரிய கள்ளி. உச்சியில் பளபளவென்று மஞ்சள் பூ. "பாத்தீங்களா, கடைசியில அண்ணி செடி பூத்துருச்சு!" என்று முனியாண்டி கண்ணைத் துடைத்தான். கூட்டம் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தது.

எனக்குச் சந்தேகம். பூவைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த பூ, பசையோடு கையில் வந்தது.

"கடையில வாங்குனதா டா?" என்று உன் மகன் தினேஷைக் கேட்டேன்.

"அம்மாவோடது ரொம்பச் சின்னதா இருக்கு, பெரியம்மா. அதை யாரு பாப்பா?"

"உங்கம்மா பாத்தா டா, தினமும். அதெல்லாம் எங்க?"

நாற்காலி போட இடம் வேண்டுமென்று பின்பக்கச் சாக்கடை லோங்காங் ஓரத்தில் அவற்றை வைத்திருந்தான். மழை நாலைந்து நாளாக விடவில்லை. பாதிக்கு மேல் அழுகிக் கூழாகிக் கிடந்தன. விரலால் தொட்டால் உள்ளே போனது. அத்தனை பேர் அழுத அந்த வீட்டில், ஒருத்தருக்குக்கூட அவற்றை நனையாமல் தூக்கிவைக்கத் தோன்றவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக வரிசையில் நின்றார்கள்.

மிச்சத்தைக் காரில் ஏற்றி குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அழுகலை வெட்டிக் காயவைத்து, புது மணலில் வைத்தேன். சில பிழைத்தன. இப்போது கோலிக்குண்டு அளவு. முள் நன்றாகக் குத்துகிறது.

போன வாரம் முனியாண்டி வந்திருந்தான். "இன்னுமா பூக்கல, அக்கா?"

"ஒன் மகனுக்கு நாப்பது வயசு. அவனே இன்னும் ஒரு வேலையில நெலைக்கல. செடிய மட்டும் ஏன் அவசரப்படுத்துற?"

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். நல்லதாய்ப் போயிற்று.

தினேஷும் சில ஞாயிறுகளில் வருகிறான். செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் அழுவானோ?

எனக்கு எழுபதாகிறது. இந்த மாதம் நானும் புதிதாக விதை போட்டிருக்கிறேன். எவன் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

ஒன்று சொல்லிவைக்கிறேன், கமலா. உன் செடி பூக்கிற அன்று ஒருத்தரையும் கூப்பிடமாட்டேன். கேட்டைப் பூட்டிவிட்டு, நம் இரண்டு பேருக்காகவும் நானே பார்ப்பேன். உன் மகன் வந்து நின்றால் மட்டும் திறப்பேன்.

உன் வாயாடி அக்கா,
ராஜம்மா