கால்வலிக்கு ஷூவை மாற்றியவருக்கு

ஷூ அலமாரியைத் திறந்தால் இன்னும் தோல் ஒட்டும் சொல்யூஷன் நெடி அடிக்கிறது. போன மாதம் எனக்குக் கெண்டைக்கால் வலித்தபோது, ஷூவில்தான் கோளாறு என்று நினைத்து, நீங்கள் வைத்துவிட்டுப் போன அந்தப் பசை டப்பாவைத் திறந்தேன். பசை காய்ந்துபோயிருந்தது. உங்கள் சட்டையில் அடிக்கும் வாசனை மட்டும் குப்பென்று வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தலை நரைத்த மனிதருக்குக் கால் வலித்தால் வேறெதன் மேல் சந்தேகம் வரும்? ரத்தக் கொழுப்புக்கு மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் உங்கள் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. நீங்களோ ஷூவின் உள்தோலை மாற்றினீர்கள், குதிகாலுக்கு ரப்பர் வைத்தீர்கள். "சோல் ஜாஸ்தி கெட்டியா இருக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். பாலாற்றுப் பாலம் வரை போன நம் காலை நடை, தெருமுனை டீக்கடையோடு நின்றது. உங்கள் அம்மா, பிள்ளைகள், டிவி என்று நிறைந்த வீட்டில், நாம் இருவரும் தனியாகப் பேசியது அந்த நடையில் மட்டும்தான். அது போனதில் எனக்கு ஆத்திரமாக வந்தது.

டீக்கடையில் யாரோ, அந்த மாத்திரைதான் காலைப் பிடிக்கும் என்றார். அன்றே நிறுத்திவிட்டீர்கள். வலியும் போயிற்று.

"டாக்டராண்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்க."

"இன்னாத்துக்கு? திட்டுவாரு. மாத்திரை வேணுமா, வாக்கிங் வேணுமா, நீயே சொல்லு."

வாக்கிங் என்றேன். மறுபடி பாலம் வரை போனோம். கல்யாணமான புதுசில்கூட நாம் அவ்வளவு பேசியதில்லை. அடுத்த கோடையில் மாரடைப்பு வந்து போய்விட்டீர்கள்.

எனக்கும் அதே மாத்திரையைத்தான் கொடுத்திருந்தார்கள், அதே வலிதான் வந்தது. இந்த முறை டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். "வலிச்சா வந்து சொல்லணும்மா, நீங்களா நிறுத்தக் கூடாது. மாத்தித் தர வழி இருக்குது" என்றார். அவ்வளவுதான். மாத்திரையா நடையா என்று கேட்டீர்களே, 'இரண்டும்' என்று ஒரு பதிலும் இருந்திருக்கிறது. நிறுத்தியதால்தான் போனீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

இன்று வலியில்லாமல் பாலம் வரை போய்வந்தேன். பழக்கதோஷம், உங்களுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன். கூட நடக்கும் பெண்களில் யாராவது கால் வலி என்றால் போதும், "மொதல்ல டாக்டராண்ட சொல்லு, அப்புறம் ஷூவைப் பாரு" என்று அதட்டுகிறேன். அன்று உங்களை இப்படி அதட்டியிருந்தால் கேட்டிருப்பீர்கள். நான் அழுத்திச் சொல்லி நீங்கள் கேட்காதது எதுவுமில்லை.